முனிரத்தினம் நலமாக இருக்கிறார்

ஆம்பூர்
10.1.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

தம்பி காசி எழுதுவது. நீயும் அண்ணியும் சுகமாக இருப்பீர்கள். இந்தப் பக்கத்துச் சுகத்தைப் போனிலேயே சொல்லிவிட்டேன். திரும்பச் சொன்னால் கூடிவிடப் போவதில்லை.

போனை வைத்துக்கொண்டு இவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று சிரிப்பாய். வக்கீல் பிரிசில்லா அம்மாவின் உத்தரவு. "ஃபோன்ல பேசினது காத்தோட போய்டும். பேப்பர்ல எழுதுங்க. உங்க அண்ணனையும் பேப்பர்ல பதில் எழுதச் சொல்லுங்க" என்றார். அதுவும் யார் படித்தாலும் புரிகிற மாதிரி முதலிலிருந்து எழுத வேண்டுமாம். உனக்குத் தெரிந்ததையே உனக்கு எழுதக் கூச்சமாக இருக்கிறது. பொறுத்துக்கொள்.

நீ தோல் பதனிடுகிற டேனரியில் ஆறு வருடம் சாயம் போடுகிற ட்ரம்மில் நின்றாய். 2008-ல் உனக்கு ஊத்தங்கரையில் அரசு மாணவர் விடுதியில் சமையல்காரர் வேலை வந்தது. நீ விட்ட இடத்துக்கு நான் போனேன். புது ஆள் என்று எழுதினால் கான்ட்ராக்டில்தான் போட வேண்டிவரும் என்றார் மேஸ்திரி. "பேரு உள்ளயே இருக்கட்டும், ஆளு மாறிக்கட்டும்" என்றார். அந்தக் காலத்தில் பாதி ட்ரம் அப்படித்தான் ஓடியது. அப்பன் பெயரில் மகன், அண்ணன் பெயரில் தம்பி. நாம் இரண்டு பேரும் சேர்ந்துதான் தலையாட்டினோம். அன்று தொடங்கிப் போன வருடம் வரை, பதினாறு வருடம், கேட்டுக்கு வெளியே நான் காசி, உள்ளே முனிரத்தினம். பி.எஃப். உன் பெயரில். இ.எஸ்.ஐ. அட்டையில் உன் போட்டோ.

வேலை உனக்குத் தெரியும். சாயப் பொடியை டின்னிலிருந்து அள்ளி எடை போட்டு, வாளியில் கரைத்து ட்ரம்முக்குள் ஊற்றுவது. மாஸ்க் ஆடிட்டர் வருகிற அன்று காலையில் கொடுப்பார்கள், அவர் காரில் ஏறியதும் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். மூக்கைச் சிந்தினால் அன்றைக்கு என்ன கலர் ஆர்டர் என்று தெரிந்துவிடும். அதனால்தான் ஒன்றுக்குச் சிவப்பாகப் போனபோது நான் பயப்படவில்லை. செர்ரி கலர் ஓடுகிறது, அதுதான் என்று நினைத்தேன். கூட நின்ற பசங்களும் அதையே சொன்னார்கள். ஆர்டர் மாறி ப்ரவுன் வந்த பிறகும் சிவப்பாகவே போனது. அப்புறம்தான் என் மனைவி ஹேமா என்னை வேலூருக்கு இழுத்துக்கொண்டு போனாள். மூத்திரப்பையில் கேன்சர். என்ன வேலை என்று டாக்டர் கேட்டார். இந்தச் சாயத்துக்கும் இந்த நோய்க்கும் சம்பந்தம் உண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

கம்பெனி மேல் வழக்குப் போட்டிருக்கிறோம். நோய்க்கு டாக்டர் சாட்சி. அங்கே நின்றவன் நான்தான் என்பதற்கு நீ சாட்சி. ஒரே ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு: 'என் பெயரில் பதினாறு வருடம் வேலை பார்த்தது என் தம்பி காசி.' அது போதுமாம்.

அண்ணியின் மூட்டுவலியை விசாரித்ததாகச் சொல்.

தம்பி
காசி

---

ஊத்தங்கரை
9.2.2025

அன்புத் தம்பி காசிக்கு,

உன் கடிதம் வந்தது. நானும் உன் அண்ணி சம்பூர்ணமும் கடவுள் புண்ணியத்தில் நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீயும் ஹேமாவும் மகள் சங்கீதாவும் மனதைத் தளரவிடாமல் இருக்க வேண்டும்.

இங்கே விடுதியில் கேஸ் அடுப்பு மாற்றிவிட்டார்கள். சாதம் அடிப்பிடிக்கிறது. புதிய வார்டன் கண்டிப்பானவர், எதற்கும் எழுத்து, எதற்கும் கையெழுத்து. பரீட்சை நெருங்குவதால் பையன்களுக்கு வாரத்தில் இரண்டு நாள் முட்டை கூட்டியிருக்கிறோம்.

நீ இளநீர் நிறையக் குடி. வாழைத்தண்டுச் சாறு மூத்திரப்பைக்கு நல்லது என்று இங்கே ஒரு வைத்தியர் சொல்கிறார். காரத்தைக் கம்மி பண்ணு. டாக்டர் சொல்வதை ஹேமா கவனமாகக் கேட்டுக்கொள்ளட்டும். சங்கீதா காலேஜை நிறுத்திவிட வேண்டாம்.

மற்ற விஷயங்களையும் படித்தேன்.

உன் அண்ணன்
முனிரத்தினம்

---

ஆம்பூர்
20.2.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதத்தில் அடுப்பு நலம், முட்டை நலம், வார்டன் நலம் என்று அறிந்தேன். பட்டுக்கோட்டைக்கு வழி கேட்டால் கொட்டைப்பாக்கு விலை சொல்கிற கதையாக இருக்கிறது. வக்கீலம்மா படித்துவிட்டு, "உங்க அண்ணன் நல்லா எழுதுறாரு" என்று மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

கம்பெனி பதில் போட்டுவிட்டது. காசி என்று ஒரு ஆள் எங்களிடம் வேலை பார்த்ததே இல்லை, இவர் யாரென்றே தெரியாது என்கிறார்கள். ஐந்து வருடமாக என் கட்டைவிரலை மெஷினில் வைத்த பதிவு எங்கே என்று கேட்டோம். ஒன்றும் பதிவாகவில்லையாம். பொடி தின்று என் ரேகை எப்போதோ தேய்ந்துவிட்டது, மெஷின் எடுக்காது, சூப்பர்வைசர்தான் பேனாவில் டிக் போடுவார். அந்த டிக் உன் பெயருக்கு நேராக இருக்கிறது.

அண்ணா, அந்த ஒரு வரி உன் வேலைக்கு உலை வைக்கும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அரசுச் சம்பளம் வாங்குகிறவன் பெயர் இன்னொரு கம்பெனியின் மஸ்டர் ரோலிலும் ஓடியது என்றால் சும்மா விடமாட்டார்கள். வக்கீலம்மா வேறு வழி ஒன்று சொன்னார். 2008-லிருந்து நீ விடுதியில் போட்ட கையெழுத்தை அரசாங்கத்திடம் எழுதிக் கேட்டு வாங்கிவிடலாம், அப்போது டேனரியில் நின்றது நீ இல்லை என்று தானாகத் தெரிந்துவிடும் என்றார். நான் முடியாது என்று சொல்லிவிட்டேன். என் அண்ணனைக் காட்டிக்கொடுத்துவிட்டு நான் ஜெயித்து என்ன செய்வது? நீயாகச் சொன்னால் சொல். உன் வாயால் வரட்டும்.

அடுத்த வாரம் ஆபரேஷன். பையை எடுத்துவிட்டு வயிற்றுக்கு வெளியே ஒரு பை மாட்டிவிடுவார்களாம். உனக்கும் ஆறு வருடம் அந்தப் பொடி உள்ளே போயிருக்கிறது. ஒன்றுக்கு நிறம் மாறுகிறதா என்று தினமும் பார். இதை மட்டும் மறக்காதே.

தம்பி
காசி

---

ஊத்தங்கரை
30.3.2025

அன்புத் தம்பிக்கு,

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று சம்பூர்ணத்திடம் ஹேமா சொன்னாளாம். முருகனுக்கு விளக்குப் போட்டேன். நான் நன்றாக இருக்கிறேன், நிறமெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

அடுத்த வருடம் மே முப்பத்தொன்றோடு எனக்கு ஓய்வு. பென்ஷன் பேப்பர்களை இப்போதே தயார் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை எல்லாம் சுமுகமாகப் போக வேண்டும் என்பதே என் பிரார்த்தனை. அதன் பிறகு நீ என்ன சொன்னாலும் கேட்க நான் இருக்கிறேன். பொறுத்தார் பூமி ஆள்வார்.

சில விஷயங்கள் கடிதத்தில் வேண்டாம். மே மாதம் விடுதிக்கு லீவு விடுவார்கள், நேரில் வருகிறேன். நெல்லிக்காய் லேகியம் பார்சலில் அனுப்பியிருக்கிறேன், வெறும் வயிற்றில் சாப்பிடு.

அண்ணன்
முனிரத்தினம்

---

ஆம்பூர்
14.6.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

மே மாதம் போய்விட்டது. நீ வருவாய் என்று ஹேமா உனக்குப் பிடித்த வாத்துக்கறிக்கு இரண்டு தடவை சொல்லிவைத்தாள். லேகியம் வந்தது, நன்றாக இருக்கிறது, சங்கீதா தின்று தீர்த்துவிட்டாள்.

நேற்று விசாரணை. யாரும் சாட்சி சொல்ல வரவில்லை, வந்தால் மறுநாள் கம்பெனி கேட்டிலேயே நிறுத்திவிடுவார்கள். வேலையிலிருந்து நின்றுவிட்ட வாஹித் பாஷா பாய் மட்டும் துணிந்து வந்தார். வெள்ளைச் சட்டை, புதுக் குல்லா, கல்யாணத்துக்குப் போகிற மாதிரி. கூண்டில் ஏறி என்னைக் கையால் காட்டி, "இவர்தான் சார், என்கூட அதே ட்ரம்ல நின்னவரு" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கம்பெனி வக்கீல் மெதுவாக எழுந்து, "அவர் பேரு என்ன பாய்?" என்று கேட்டார்.

"முனிரத்தினம் சார்."

பிரிசில்லா அம்மா நெற்றியில் கை வைத்துக்கொண்டார். பாய் என்ன செய்வார் பாவம். உள்ளே காசி என்று என்னைக் கூப்பிட்ட ஆள் கிடையாது, கூப்பிட்டால் வேலை போய்விடும். இத்தனை நாள் பழக்கம், சத்தியப் பிரமாணம் எடுத்த வாய் அந்தப் பெயரைத்தான் சொல்லியது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. வெளியே வந்து, "இன்னா காரியம் பண்ணிட்டேன் முனி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அப்போதும் முனிதான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

நோய் ஈரலுக்குப் போயிருக்கிறது என்கிறார்கள். அடுத்த வருடம் மே வரைக்கும் பொறுத்துக்கொள் என்று கேன்சருக்கு யார் கடிதம் எழுதுவது? நீயே எழுது, நீ நன்றாக எழுதுகிறாய். கோபத்தில் எழுதிவிட்டேன். கிழிக்காமல் அனுப்புகிறேன்.

எனக்குப் பணம் வந்தால் நல்லது, சங்கீதா படிப்புக்கு ஆகும். ஆனால் பணத்தைவிட எனக்கு இதுதான் ஆத்திரம்: உடம்பு முழுக்க அவர்கள் சாயம் ஏறிக் கிடக்கிறேன், அவர்கள் என்னைப் பார்த்து நீ யார் என்று கேட்கிறார்கள். நான் அங்கே இருந்தேன் என்று ஒரு ஆள் சொல்ல வேண்டும்.

தம்பி
காசி

---

ஆம்பூர்
25.8.2025

மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு,

ஹேமலதா எழுதுகிறேன். நீங்களும் அக்காவும் குறையில்லாமல் இருக்க வேண்டும். அவரால் இப்போது பேனா பிடிக்க முடியவில்லை. சொல்லச் சொல்ல எழுதலாம் என்றால் இரண்டு வரியில் தூங்கிவிடுகிறார். அவர் ஜூனில் எழுதியதற்கு இரண்டு மாதமாக உங்களிடமிருந்து ஒரு வரியும் இல்லை. தபால்காரர் சைக்கிள் சத்தம் கேட்டால் மட்டும் கண்ணைத் திறக்கிறார்.

போன வாரம் அக்கா போனில் ஒன்று சொன்னார்கள். கம்பெனி ஆட்கள் இரண்டு பேர் காரில் ஊத்தங்கரைக்கு வந்து உங்களைப் பார்த்துவிட்டுப் போனார்களாமே. மாமா, உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன். அவர்கள் எதை நீட்டினாலும் கையெழுத்துப் போடாதீர்கள். நமக்காக ஒரு வரி எழுதாவிட்டாலும் பரவாயில்லை, அவர்களுக்காக எழுதிவிடாதீர்கள்.

அவருக்கு நான் இதைச் சொல்லவில்லை.

ஹேமலதா

---

ஊத்தங்கரை
3.9.2025

ஹேமாவுக்கு ஆசீர்வாதம்.

நீ நினைக்கிற மாதிரி ஒன்றும் இல்லை. நல்ல மனிதர்களாகத்தான் தெரிந்தார்கள். எங்கள் பழைய தொழிலாளி எப்படி இருக்கிறார் என்று பார்த்துவிட்டுப் போக வந்தோம் என்றார்கள். சென்னைக்குக் காரில் கூட்டிப்போய் முழு உடம்பும் பரிசோதனை செய்து கொண்டுவந்து விட்டார்கள். என் விடுதி வேலை விஷயமும் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. எங்கள் வாயிலிருந்து அது வராது, பயப்படாதீர்கள் என்று அவர்களாகவே சொன்னார்கள்.

டையிங்கில், அதுதான் சாயப் பிரிவில், வேலை பார்த்தீர்களா என்று கேட்டார்கள். பார்த்தேன் என்றேன், அது உண்மைதானே. இப்போது உடம்பு எப்படி என்றார்கள். நன்றாக இருக்கிறது என்றேன். அதை எழுதிக் கையெழுத்துக் கேட்டார்கள். நன்றாக இருக்கிறவன் நன்றாக இருக்கிறேன் என்று சொல்வதில் என்ன தப்பு இருக்கிறது?

காசியைப் பார்த்துக்கொள். கஞ்சியில் கொஞ்சம் சீரகம் போடு.

முனிரத்தினம்

---

ஆம்பூர்
10.10.2025

மாமா அவர்களுக்கு,

நீங்கள் நலம் என்பதை நேற்று கோர்ட்டில் வாசித்தார்கள். அதனால் அதை விசாரிக்க வேண்டிய வேலை எனக்கு இல்லை.

கம்பெனி வக்கீல் எழுந்து, டையிங் பிரிவில் முழு சர்வீஸ் முடித்த தொழிலாளி முனிரத்தினம் இதோ என்று உங்கள் போட்டோவைக் காட்டினார். ரத்தம், மூத்திரம், ஈரல், நெஞ்சு எல்லாம் சுத்தம் என்று ரிப்போர்ட் படித்தார். இத்தனை வருடம் அதே ட்ரம்மில் அதே சாயத்தோடு நின்ற மனிதருக்கு ஒன்றும் ஆகவில்லையே, எங்கள் சாயம் எப்படி நோய் கொடுக்கும் என்று கேட்டார். நீங்கள் விடுதியில் சோறு வடித்த பதினாறு வருடமும், என் புருஷனுக்குப் பதில் நீங்கள் ட்ரம்மில் நின்ற கணக்காகிவிட்டது. உங்கள் உடம்பை வைத்தே அவரை இல்லை என்று ஆக்கிவிட்டார்கள். நான் பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து கத்த வேண்டும் போலிருந்தது, கத்தவில்லை.

பிரிசில்லா அம்மா வெளியே வந்து, "உங்க மாமா நேர்ல வந்து சொல்லணும். இல்ல, விடுதி ரெக்கார்டை வாங்க என்னை விடுங்க" என்றார். அந்த ரெக்கார்டைத் தொடக் கூடாது என்று சங்கீதா தலையில் என் கையை வைத்து உங்கள் தம்பி சத்தியம் வாங்கியிருக்கிறார். நான் என்ன செய்ய?

வீட்டுக்கு வந்து அவரிடம் நடந்ததைச் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். "அண்ணனுக்கு ஒண்ணும் இல்லியா? எல்லாம் பார்த்துட்டாங்களா, நல்லா பார்த்தாங்களா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன். "அப்பாடா" என்றார். எட்டு மாதமாக அந்தப் பயம் அவருக்கு உள்ளே இருந்திருக்கிறது. அன்றைக்கு இரண்டு இட்லி சாப்பிட்டார்.

எனக்கு உங்கள் மேல் இருக்கிற வெறுப்பை எழுத்தில் எழுத முடியாது மாமா. அவருக்கு இல்லை. அதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ஹேமலதா

---

2.11.2025

தம்பி,

என் பெயரில் பதினாறு வருடம் டேனரியில் டையிங் ட்ரம்மில் வேலை பார்த்தது என் தம்பி காசி. நான் இல்லை. எனக்கு வந்திருக்க வேண்டியது அவனுக்கு வந்தது.

எழுதிவிட்டேன். உனக்காகத்தான் எழுதினேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடச் சொல். உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

---

ஆம்பூர்
28.11.2025

முனிரத்தினம் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் ஏழாம் தேதி வந்தது. அவருக்குப் படித்துக் காட்டினேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன். "கையெழுத்து இருக்குதா?" என்றார். இல்லை என்றேன். "தேதி?" என்றார். தேதி இருக்கிறது, பெயரும் ஊரும் இல்லை என்றேன். "போட்டுட சொல்றாரு இல்ல, அடுப்புல போட்டுடு" என்றார். போட்டுவிட்டேன். அவர் சொல்லி நான் செய்யாத காரியம் இல்லை. அதற்கப்புறம் அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை.

பதினேழாம் தேதி தீர்ப்பு வந்தது. காசி என்பவர் அங்கே வேலை பார்த்ததற்கு ஆதாரம் இல்லை, மனு தள்ளுபடி. பத்தொன்பதாம் தேதி காலையில் அவர் போய்விட்டார். மேல்முறையீடு செய்யலாமாம். நீங்கள் வந்து சொன்னால் மட்டும்.

உங்களுக்காக மதியம் வரை எடுக்காமல் வைத்திருந்தோம். அண்ணன் வந்துவிடுவார் என்று நான்தான் எல்லோரையும் நிறுத்திவைத்தேன். நீங்கள் வந்தீர்கள் என்பது எனக்கு மூன்று நாள் கழித்துத்தான் தெரியும். வாஹித் பாஷா பாய் பார்த்தாராம். மாலை வாங்கக் கடைத்தெருவுக்கு வந்தவர், நீங்கள் பஸ்ஸிலிருந்து இறங்கியதையும், ஸ்டாப்பில் கட்டியிருந்த பேனருக்கு முன்னால் நின்றதையும் பார்த்திருக்கிறார். கூப்பிடலாம் என்று ரோட்டைத் தாண்டுவதற்குள் நீங்கள் எதிர்ப்பக்கம் போய்த் திருப்பத்தூர் பஸ்ஸில் ஏறிவிட்டீர்களாம். கொள்ளியை சங்கீதா வைத்தாள்.

அந்த பேனரை ட்ரம் பிரிவுப் பசங்கள் அவர்கள் கைக்காசைப் போட்டு அடித்தார்கள். கோர்ட்டுக்கு வரப் பயந்தவர்கள்தான். பழைய ஆட்கள் வேலையை விட்டு நின்ற பிறகு புதிதாக வந்த சின்னப் பசங்கள். வேறு பெயர் அவருக்கு இருக்கிறது என்றே அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. ஆயுத பூஜை அன்று ட்ரம் பக்கத்தில் பொட்டு வைத்துக்கொண்டு நிற்கிற அவர் படத்தைப் பெரிதாகப் போட்டு, கீழே 'கண்ணீர் அஞ்சலி, எங்கள் அன்பு அண்ணன் திரு. முனிரத்தினம், டையிங் செக்ஷன்' என்று போட்டிருந்தார்கள். பார்த்துவிட்டு எனக்குக் கோபம் வரவில்லை. அவர் அங்கே இருந்தார் என்று ஊருக்கு நடுவில் எழுதிவைத்தது அது ஒன்றுதான்.

மறுநாள் பசங்கள் தலையைக் குனிந்துகொண்டு வந்தார்கள். "தெரியாம பேரு மாறிப்போச்சு அண்ணி, வேற அடிச்சுக் கட்டுறோம்" என்றார்கள். வேண்டாம் என்றேன். கம்பெனியிலிருந்து ஒரு ஆள் கழற்ற வந்தான். வாஹித் பாஷா பாய் நாற்காலி போட்டு அதன் கீழே உட்கார்ந்துகொண்டார்.

அது பொய் என்று சொல்ல இந்த ஊரில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் உரிமை இருக்கிறது. நீங்கள் வாருங்கள். நான் சாகவில்லை, செத்தது என் தம்பி, அந்த ட்ரம்மில் நின்றவன் அவன்தான் என்று பஸ் ஸ்டாப்பில் நாலு பேர் காதில் விழச் சொல்லிவிட்டு அவிழ்த்துக்கொண்டு போங்கள். நீங்கள் வரமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். அதுவரை செத்தது நீங்களாகவே இருக்கட்டும்.

தினமும் சந்தைக்குப் போகும்போது பார்க்கிறேன். வெயிலில் வெளுக்க ஆரம்பித்துவிட்டது. முகம்தான் முதலில் போகிறது. பெயர் அப்படியே இருக்கிறது.

ஹேமலதா